வெள்ளத்தில் கரைந்த உப்பு

முக்கூடலில் உப்பு விற்ற வடிவம்மாளுக்கு எதையாவது பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிற பழக்கம் உண்டு. மார்கழியில் உறைந்த தேங்காயெண்ணெய் வெயில் ஏற ஏற இளகுவதைப் பார்ப்பாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த பிறகுதான் நினைவு திரும்பும். அவள் புருஷன் தூத்துக்குடியிலிருந்து வண்டியில் உப்பு ஏற்றி வந்தவர். அவர் காய்ச்சலில் போன பிறகு, வேறு வண்டிக்காரர்கள் சரக்கைக் கொண்டுவந்து போட, அந்த வியாபாரத்தை அவளே பார்த்தாள்.

ஒரு கார்த்திகையில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. மகள் பிரம்மநாயகியை இழுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்கு ஓடினாள். வெள்ளம் வடிந்து திரும்பியபோது, உப்பு வைத்திருந்த மண்குலுக்கைகளில் கலங்கல் தண்ணீர்தான் நின்றது. கையை விட்டுத் துழாவினாள். ஒரு பரல்கூட அகப்படவில்லை. கொட்டிவிட்டுக் கழுவச் சொன்னார்கள் பக்கத்து வீட்டார். வடிவம்மாள் விரலை நாக்கில் வைத்தாள். நன்றாகக் கரித்தது. உப்பு எங்கும் போய்விடவில்லை என்று பட்டது. தண்ணீரைத் துணியில் வடிகட்டி, இரவல் வாங்கிய தாம்பாளங்களில் ஊற்றி முற்றமெங்கும் பரப்பினாள்.

வெயில் வந்தது. விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு தண்ணீரின் மேல் சின்னஞ்சிறு சதுரங்கள் மிதந்தன. கனம் கூடியதும் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. அவள் சாப்பிட மறந்தாள்.

சர்க்காருக்கு வரி கட்டாமல் உப்பு காய்ச்சுவது அந்நாளில் குற்றம். யாரோ சொல்லிவிட, உப்பு இலாகாவிலிருந்து ஞானசிகாமணி வந்தார். பாளையங்கோட்டைக்காரர், இளவயது.

"யாரைக் கேட்டு இங்கன உப்பு ஆக்குதிய?"

"நான் எங்க ஐயா ஆக்குதேன்? வரி கட்டுன உப்புதான். வெள்ளத்துல கரைஞ்சுது. இப்பம் பைய வெளிய வருது."

ஞானசிகாமணி குலுக்கைகளின் சுவரில் வெள்ளம் ஏறிய கோட்டைப் பார்த்தார். உள்ளே சுரண்டி ருசித்தார். பிறகு முற்றத்தில் குந்தி ஒரு தாம்பாளத்தைப் பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை. கரைவது, வற்றுவது, படிகமாவது எல்லாம் கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியதுதான், கண்ணால் கண்டதில்லை. வடிவம்மாளும் பக்கத்தில் குந்தினாள். தண்ணீருக்குள் மேகம் போயிற்று. அதன் நடுவே இன்னொரு சதுரம் பிறந்தது.

"இதுல புதுசா ஒண்ணும் உண்டாகலைம்மா. உருவந்தான் மாறியிருக்கு. எனக்கு இங்கன வேலையில்லை" என்றார் கடைசியில்.

அதற்குள் மேற்கே மலைப்பக்கம் கறுத்தது. அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, தாம்பாளங்களை அலுங்காமல் உள்ளே எடுத்து வைக்கக் கூட நின்றார்.

அந்த உப்பு கொஞ்சம் பழுப்பாக இருந்ததால் முதலில் யாரும் வாங்கவில்லை. பக்கத்துத் தெரு ஹமீது பீவிதான் துணிந்து வாங்கி நார்த்தங்காய் ஊறப்போட்டாள். ஊறுகாய் கெடவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்களும் வந்தார்கள்.

மாசியில் வடிவம்மாள், உப்பு விளைவதைப் பார்க்க மகளோடு முதல்முறையாகத் தூத்துக்குடி போனாள். உப்பளத்துப் பாத்திகளில் வானம் கண்ணுக்கெட்டிய தூரம் துண்டு துண்டாகக் கிடந்தது. வரப்பில் உட்கார்ந்தாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று பிரம்மநாயகி கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.