வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் கல்லூரியின் பழைய கட்டடம் முதலில் பட்டாளத்தின் சிறை. பட்டாளம் போனதும் அறைகளுக்கு நடுவிலிருந்த சுவர்களை இடித்து வகுப்புகளாக்கினார்கள். கரும்பலகை வந்தது, மின்விசிறி வந்தது. கதவுகளை மட்டும் யாரும் தொடவில்லை. தாழ்ப்பாளெல்லாம் வெளிப்பக்கம்தான். கைதி எதற்கு உள்ளே தாழிட்டுக்கொள்ளப் போகிறான்?

அந்தக் கட்டடத்தைக் காலையில் திறந்து மாலையில் பூட்டும் வேலை என் அத்தைக்கு, மாமா இறந்த பிறகு கிடைத்தது. மாணவர்களுக்கு அவள் சாவியக்கா.

"ஆயுள் தண்டனையாக்கா?" என்று கிண்டல் செய்வார்கள்.

"உங்களுக்கு மூணு வருஷம்தான். அரியர் வெச்சா கூடும்" என்பாள்.

மாணவர் தேர்தல் முடிவு வந்த மத்தியானம், தோற்ற அணி வெளியாட்களை வேனில் கொண்டுவந்து இறக்கியது. எல்லார் கையிலும் இரும்புக் குழாய். வாசல் காவலாளியின் தாடையை உடைத்தார்கள். நூலகப் படியில் ஒருவனை இழுத்துப் போட்டு, அவன் அசைவு நிற்கும்வரை அடித்தார்கள். ஜெயித்த அணிக்காரர்கள் நாங்கள், சுவர் கனமாயிற்றே என்று பழைய கட்டடத்துக்குள் ஓடினோம். கதவைச் சாத்திய பிறகுதான், உள்ளே இழுத்துப் பிடிக்கக்கூட ஒன்றுமில்லை என்பது உறைத்தது. ஜன்னலிலெல்லாம் கம்பி.

உள்ளே எங்களோடு நின்ற அத்தை கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். உதறிவிட்டு வெளியே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு திரும்பியது.

வந்தவர்களிடம், உள்ளே ஆளில்லை, லீவு விட்டாயிற்று என்றாள். அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவன் இருமித் தொலைத்தான்.

"சாவி எங்கடி?"

"கிணத்துல போட்டுட்டேன். உங்கள்ல எவனுக்குடா நீச்சல் தெரியும்?"

முதல் அடி கதவில் விழுந்தது. அடுத்த அடியில் மரத்தின் சத்தமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒருமுறை "அம்மா" என்றாள். பூட்டையும் அடித்துப் பார்த்தார்கள், அது அசையவில்லை. திரும்பி மறுபடியும் அவளிடமே வந்தார்கள். நாங்கள் உள்ளேயிருந்து கதவை உதைத்துக் கத்தினோம். போலீஸ் வண்டியின் சத்தம் கேட்ட பிறகே ஓடினார்கள்.

"உதைக்காதீங்கப்பா, சாஞ்சிருக்கேன்" என்றாள் கீழேயிருந்து.

நான் தரையில் உட்கார்ந்து கதவோரம் காதை வைத்தேன்.

"உள்ள யாருக்கும் அடிபடலையே?"

"இல்ல அத்தை. பேசிக்கிட்டே இருங்க."

போலீஸ் அங்கே வந்து சேரும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். பூட்டை அறுத்தார்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. அவளைத் தூக்கி ஓரமாகக் கிடத்திய பிறகே எங்களால் வெளியே வர முடிந்தது.