ஓரின் வெசலியின் தலையாட்டல்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று எனக்கு ஏழு லாரி ஓடுகிறது. நெப்ராஸ்காவில் என் பெயர் தெரியாத மாட்டுச் சந்தை கிடையாது. எத்தனையோ பேரைப் பேசியே மடக்கிய என்னால் ஒரு வார்த்தை பிடுங்க முடியாத ஆள், பக்கத்துப் பண்ணை ஓரின் வெசலி.

சந்தை ஏலத்தில் எங்கள் ஆட்கள் வாய் திறப்பதில்லை. ஒரு விரல், ஒரு தலையாட்டல், மாடு கைமாறிவிடும். ஓரின் அந்தப் பழக்கத்தைக் கோர்ட்டுக்கும் கொண்டுபோனான்.

தீவனக் கம்பெனி லாரியின் பின்கதவு கழன்று விழுந்து அவன் வலது தோள் நொறுங்கியிருந்தது. கேஸில் ஜெயித்தால் ஆள் வைத்து மாடுகளைப் பார்க்கலாம். தோற்றால் மந்தையையே விற்கவேண்டும்.

"ரொம்ப வலிக்குதா?" என்று அவன் வக்கீல் மார்லிஸ் அம்மா கேட்டாள். தலையாட்டினான். "கையை எதுவரைக்கும் தூக்க முடியும்?" தூக்கிக் காட்டினான். ஜூரியில் எல்லாரும் சந்தைக்குப் போகிறவர்கள். நன்றாகவே புரிந்துகொண்டு அவன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போனது.

மேல்கோர்ட்டில் சாட்சி, ஜூரி எதுவும் கிடையாது. கீழ்க்கோர்ட்டில் பேசியதைத் தட்டச்சு செய்த காகிதக் கட்டை மட்டும் மூன்று நீதிபதிகள் படிப்பார்கள். தலையாட்டியது அதில் எப்படி ஏறும்?

மேல்கோர்ட்டு இருக்கிற லிங்கன் நகரத்துக்கு என் லாரியில்தான் போனோம்.

"டேய், அன்னைக்கு வாயில கொலாச்சி பன்னை அடைச்சு வச்சிருந்தியா?"

"அதான் காட்டினேனே."

"காட்டினது பேப்பர்ல ஏறுமாடா, மக்கு!"

கம்பெனி வக்கீல் எழுந்தார். "ஐயா, வலிக்குதுன்னு இவர் ஒரு வார்த்தை சொல்லலை. கை எவ்வளவு தூக்க முடியும்னும் பதிவுல இல்லை." தோளைக் காட்ட ஓரின் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். அமுக்கி உட்காரவைத்தேன்.

மார்லிஸ் அம்மா ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "இருக்குங்கய்யா. குறுக்கு விசாரணையில இதே வக்கீல் சொன்னது: 'பதிவுல இருக்கட்டும், இவர் கை நெஞ்சுக்கு மேல போகலை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. பிரமாதமான நடிப்பு!'"

கம்பெனி வக்கீலுக்குக் காது சிவந்தது.

"நடிப்பா நிஜமான்னு நேர்ல பார்த்த ஜூரி முடிவு பண்ணியாச்சே. அதுல நாங்க எதுக்குக் கை வைக்கணும்?" என்றார் நடு நீதிபதி. சில வாரத்தில் வந்த தீர்ப்பும் அதையே சொன்னது.

மந்தை தப்பியது. உடனே ஒரு மாட்டை அறுத்து அந்தக் கம்பெனி வக்கீலுக்குக் கறி அனுப்பவேண்டும் என்று ஓரின் அடம்பிடித்தான்.

"கேஸை ஜெயிச்சுக் கொடுத்தவரு அவருதானே?"

மார்லிஸ் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். "யோவ், அப்போ நான் யாருய்யா?"