தெற்கே போகாத படை

எங்கள் வீட்டுக் கொடியில் அவ்வப்போது ஒரு சாம்பல் நிற டீ-சர்ட் காயும். நெஞ்சில் ஒரு வரைபடம். அதன் நடுவே வரிசையாக நீல அம்புகள். ஏற்றுமதிக்குப் போகாமல் தப்பிய ரிஜெக்ட் பீஸ். அதைப் பார்த்தால் எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் நினைவுக்கு வருவார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் கேட்டதைத் தொழிலாளிக்கும், தொழிலாளி செய்ததைப் பையருக்கும் விளக்கி, இருவரிடமும் திட்டு வாங்கும் உத்தியோகம். அமெரிக்காவிலிருந்து ஒரு சின்ன ஆர்டர் வந்தது. அந்த நாடு இங்கிலாந்துக்காரனிடம் அடிமைப்பட்டிருந்த காலத்தில், விடுதலைப் படை வடக்கிலிருந்து நெடுந்தூரம் நடந்துபோய், தெற்கே யார்க்டவுன் என்ற ஊரில் எதிரியை வளைத்துச் சரணடைய வைத்ததாம். அந்த நடைதான் படம். சாயத்தைத் துணியில் பதிக்க, ஊர்ப் பெயர்களுக்கு ஒரு ஸ்கிரீன், மேலிருந்து கீழே இறங்கும் அம்புகளுக்கு ஒரு ஸ்கிரீன்.

சரக்கெல்லாம் தைத்து அடுக்கிய பிறகு, பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாம்பிளில் அம்புகள் கீழே பார்த்தன. எங்கள் சரக்கில் மேலே பார்த்தன. விடுதலைப் படை யார்க்டவுனை விட்டு ஓடிக்கொண்டிருந்தது! மறுநாள் சரக்கைச் சோதிக்கப் பையருடைய கியூ.சி. வருகிறார். அவர் ஃபெயில் போட்டால் சரக்கு கப்பலேறாது, நான் வீடேற வேண்டியதுதான். பதற்றத்தில் இரண்டையும் சேர்த்துத் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது சாம்பிள் ஓடியது, சரக்கு ஜெயித்தது. கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு மாஸ்டரிடம் ஓடினேன். மொபெட்டைக்கூடத் தெற்குப் பார்த்து நிறுத்தாத மனிதர் அவர்.

"மாஸ்டர், அம்பு ஸ்கிரீன் தலைகீழா இருக்குதுங்க!"

"நாந்தானுங்க சார் திருப்பிப் போட்டேன். தெக்க பாத்து ஆளனுப்புனா வெளங்குமுங்களா? எமன் தெசைங்க அது."

"ஐயோ, அவங்க ஜெயிச்சதே தெக்கதானுங்க!"

"ஜெயிச்சாங்கல்லங்க? அப்பறம் ஊட்டுக்கு வரோணுமல்லங்க?"

ஜெயித்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று பையர் அனுப்பிய படத்தில் இல்லை. நான் கத்த வந்தேனா, கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தேனா என்பதே குழம்பிப்போனது.

பதிந்த சாயத்தை அழிக்க முடியாது. வழியையும் மாஸ்டரே சொன்னார்: ஒவ்வொரு அம்பின் வாலிலும் இன்னொரு முனையைப் பதித்துவிடுவது. "போனாங்க, வந்தாங்க. ரெண்டும் இருக்கட்டுமுங்க." தைத்த துணிகளைப் பலகையில் மாட்டி அன்று பொழுது சாய்வதற்குள் பதித்து முடித்தார். கைதவறி விட்டுப்போய், அம்புகள் மேலே மட்டும் பார்க்கும் ஒன்றுதான் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் டீ-சர்ட்.

கியூ.சி. சென்னைக்காரர். சரக்கையும் சாம்பிளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார் இது? படை போகுதா, வருதா?"

நான் ஏதேதோ உளறினேன். 'டிசைன் டெவலப்மென்ட்' என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

மாஸ்டர் ஸ்கிரீனைத் துடைத்தபடியே சொன்னார்: "எந்தம்பி பட்டாளத்துல இருந்தானுங்க. கடலுக்கு அக்கரையில நடந்த சண்டைக்குக் கூட்டிட்டுப் போன ரயிலு தெக்க போச்சுங்க. அவ்வளவுதானுங்க."

இத்தனை வருடம் கூட வேலை பார்த்தும் எனக்குத் தெரியாது. எமன் திசை என்று அவர் சொல்லும்போதெல்லாம் கேலி செய்து சிரித்திருக்கிறேன்.

கியூ.சி. எதுவும் எழுதாமல், படமெடுத்துப் பையருக்கு அனுப்பினார். பதில் வரும்வரை நான் பாத்ரூமுக்கும் கம்ப்யூட்டருக்குமாக ஒரு படையெடுப்பே நடத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தது: படை வடக்கே திரும்பியதும் உண்மைதான், இதுவரை யாரும் அதைப் போட்டதில்லை, இப்படியே அனுப்புங்கள்.

நான் குதித்தேன். மாஸ்டர் குதிக்கவில்லை. "வந்துட்டாங்களாமா?" என்று மட்டும் கேட்டார். "வந்துட்டாங்களாமுங்க" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்கிரீனை எடுத்தார். தவறு ஜெயித்ததா, சரி ஜெயித்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மாஸ்டர் இப்போது கொமரலிங்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். இங்கே என் மனைவி அந்த டீ-சர்ட்டைக் கீழ் விளிம்பில் கிளிப் மாட்டித் தலைகீழாகக் காயப்போடுகிறாள். அம்புகள் எல்லாம் தரையைப் பார்க்கின்றன. வெயில் இருக்கும்வரை படை தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. பொழுதோடு நானே போய் எடுத்து, நேராகத் திருப்பி, மடித்து வைக்கிறேன்.