நாற்பது மஞ்சள் வேட்டிகளுக்கு நான் எழுதிய ஒப்பந்தம்

வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஆடிக் கிருத்திகைக்காக எங்கள் தெருக் காவடிக் குழு நாற்பது மஞ்சள் வேட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. நெய்து தருபவர் என் அக்காவின் கணவர்; நான் பாவா என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே பவர்லூம் வைத்திருக்கிறார். ஒப்பந்தம் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. நானே வலியப் போய் எழுதினேன். நிறம், நீளம், கரையின் அகலம், கொண்டுவந்து சேர்க்கும் நாள் எல்லாவற்றையும் எழுதி, 'இவை அனைத்தும் நிபந்தனைகள்' என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், சொன்ன தேதியில், பாவா மூட்டைகளோடு வந்தார். குழுத் தலைவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எதையும் அளக்காமல் விடமாட்டார். ஒரு வேட்டியை விரித்துக் கரைமேல் விரலை வைத்தார்.

"ஒரு விரல் கரைன்னு எழுதியிருக்குது. இது ஒன்றரை. நிபந்தனை தவறினா மொத்தமும் திருப்பலாம்னு நீதானம்மா சொன்ன. எடுத்துகினு போவச் சொல்லு."

பாவா என்னைப் பார்த்தார். கிருத்திகை போய்விட்டால் அந்த வேட்டிகளை யார் வாங்குவார்கள்? பரீட்சைக்குப் படித்ததை அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். ஒப்பந்தத்தின் உயிரான ஷரத்து தவறினால் சரக்கையே மறுக்கலாம். துணையான ஷரத்து தவறினால் நஷ்டத்துக்கு ஈடு மட்டும் கேட்கலாம். எது எந்த வகை என்பதைக் காகிதத்தில் 'நிபந்தனை' என்று வைத்த பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எதற்காக வாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

"ஐயா, கரைய சரியா ஒரு விரல் போட்டு, கிருத்திகைக்கு மறுநாள் கொண்டாந்தா வாங்கிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அப்புறம் அது எதுக்கு?"

"பச்சையா வந்திருந்தா?"

"வாங்கமாட்டேன்."

"இதக் கட்டிகினு காவடி எடுக்க முடியாதுங்களா? முடியும்னா கரைக்கு ஈடு மட்டும்தான் கேக்கலாம், திருப்ப முடியாது."

அவர் வேட்டியை மடித்தார். மறுபடி விரித்தார்.

"ஆங், எடுக்கலாம். கொறஞ்சிருந்தா ஈடு கேக்கலாம். அதிகமா கீறதுக்கு நான் இன்னாத்த கேக்கறது?" என்று சொல்லி, மூட்டைகளை உள்ளே வைக்கச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது பாவா சிரித்துக்கொண்டே வந்தார்.

"நம்ம தறியில ஒன்றரைக்குக் கீழ கரை வராதும்மா."

"கையெழுத்துப் போடும்போதே சொல்லியிருக்கலாமே பாவா."

"நான் எங்க அதப் படிச்சுப் பாத்தேன்? நீ எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்."