நைனா ஸ்கிப் அழுத்தவில்லை

நைனா! வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது இப்படித்தான் கூப்பிடுவேன். நீ போய் இருபது நாள் ஆகிறது. வாய் இன்னும் கூப்பிட்டுவிடுகிறது.

என் நைனா, என் அப்பா, நாற்பது வருடம் திருவொற்றியூர் மீனவக் குப்பத்திலிருந்து ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர். போன வருடம் நெஞ்சுவலி வந்தது. இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டை விற்றோம். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. லீவு நாளில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேம் மிஷினை டிவியில் மாட்டி விளையாடுவேன். அதில் ஒரு படகுப் பந்தயம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். நைனாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பயிற்சி வரும். ட்யூடோரியல் என்பார்கள். நான் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. மூலையில் இருக்கும் ஸ்கிப்பை அழுத்திவிட்டு உள்ளே போய், நாலு தடவை தோற்றுக் கற்றுக்கொள்வேன். நைனாவுக்காகத்தான் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். திரை முழுக்க இருட்டாகி, ஒரு பட்டன் படம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஒரு கை வந்து அதைத் தொட்டுக் காட்டும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ், எங்கள் இரண்டு பேருக்குமே படிக்க வராது. அந்தக் கை போதுமாக இருந்தது. அது காட்டியதைச் செய்தால்தான் அடுத்தது வரும்.

வேகம் கூட்டுவதை நைனா உடனே பிடித்துக்கொண்டார். அடுத்தது, ஆறு மஞ்சள் வளையங்களுக்குள் படகைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். அங்கே மாட்டினார். முதல் வளையத்துக்கே போகாமல் பாறையில் மோதினார்.

"இன்னாடா இது, எதிர்க்கப் போவுது? இத்த செஞ்சவன் கடலயே பாத்திருக்க மாட்டான்."

"நைனா, லெப்டுல தள்ளு."

"ரைட்டுல தானடா திரும்பணும்!"

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தார். "நாப்பது வருசம் போட் ஓட்டுன மன்சன். ஒரு வளையத்துக்குள்ள பூர முடில. வெளிய சொல்லிக்காதய்யா, மானம் பூடும்."

போட்டில் இன்ஜின் பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். நைனாவின் கைக்கு அதுதான் தெரியும். ஆட்டத்தில் இடது பக்கம் தள்ளினால் இடது பக்கமே போகும். படகே ஓட்டாதவன் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். இவர் நாலு நாள் பாறையில் மோதினார்.

வருகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துத்தான் அந்தப் பயிற்சியைச் செய்திருக்கிறார்கள். வேறு மாதிரி தெரிந்தவன் வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. ஆனால் மோதியதற்காக அது அவரை வெளியே தள்ளவில்லை. திரும்ப அதே இடத்தில் படகை நிறுத்தி, அதே கையைக் காட்டியது. நான்தான் பொறுமையில்லாமல் இரண்டு தடவை அவர் கையிலிருந்து கன்ட்ரோலரைப் பிடுங்கினேன்.

செட்டிங்கில் படங்களைப் பார்த்துத் தேடினேன், திசையை மாற்றிப் போட வழி இருந்தது. அவர் டீக்கடைக்குப் போன நேரத்தில் மாற்றி வைத்தேன். வந்து உட்கார்ந்தவர் ஒரே மூச்சில் மூன்று வளையத்தைத் தாண்டினார். அப்புறம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா பண்ண?"

"ஒண்ணியும் பண்ல நைனா."

"டேய், என் கை மாறல. அப்போ நீதான் எத்தயோ மாத்திக்கீற. பழையபடி வை."

"சும்மா ஆடத்தான நைனா."

"உன்னாண்ட ஆடுனா, நீ ஓட்றா மாரிதான் நானும் ஓட்டணும். எனக்கோசரம் திருப்பி வச்சா அது இன்னாடா ஆட்டம்?"

பழையபடி வைத்தேன். மறுபடியும் பாறை.

அதற்கப்புறம் நான் வேலைக்குப் போன நேரத்தில் தனியாகப் பழகியிருக்கிறார். கடைசி நாள் காலையில் ஐந்து வளையம் வரைக்கும் வந்துவிட்டார். நான் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுதான்டா பாக்கி. அஞ்சு நிமிசம் உக்காரு."

"டைம் ஆய்டுச்சு நைனா. ஸ்கிப் குடு. சாய்ங்காலம் வந்து ரெண்டு பேரும் ஆடலாம்."

"போடா சோம்பேறி."

என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். மதியம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு மிஷினைப் போட்டேன். பயிற்சி என்ற இடத்தில் பச்சை டிக் இருந்தது. ஸ்கிப் அழுத்தினால் அந்த டிக் வராது. அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமாடா, முட்ச்சிட்டாரு. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு. புள்ள வந்து அவனே பாக்கட்டும்னாரு. அப்பாலதான் நெஞ்சப் புட்ச்சிகினு உக்காந்தாரு."

இரண்டு பேர் ஆட்டத்தைத் திறந்தேன். இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டாவது கன்ட்ரோலரில் யாராவது பட்டனை அழுத்தினால்தான் ஆட்டம் தொடங்கும். அம்மாவைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அணைத்தேன். அந்தக் கடைசி நாள் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. விளக்கேற்றும்போதோ, மெழுகுவத்தி கொளுத்தும்போதோ, தொழும்போதோ, என் நைனாவுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.