எல்லா யானையும் என் பேருல

பூர்ணிமா வேலை நேரத்தில் கனவு காண்கிறவள். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் பதினோரு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து யானை பொம்மை துடைத்தாள். அச்சிலிருந்து வந்த, இன்னும் சுடாத யானையின் ஓரங்களைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் ஒரு துடை. கை பாட்டுக்கு அதைச் செய்யும். மனசு மணிமுத்தாற்று மணலில் நடந்துகொண்டிருக்கும். பின்னாலேயே யானைகள் வரிசையாக வரும், வெள்ளை வெளேரென்று, சத்தமே இல்லாமல். ஜங்ஷனில் ரயில் ஊதினால்தான் அம்மணி திரும்பி வருவாள். இப்படிப்பட்டவளைத்தான் முதலாளி குருமூர்த்தி போன மாசம் மேனேஜர் ஆக்கினார். கனவு கண்டாலும் அவள் கை பட்ட யானை உடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பது பெண்களுக்கும் ஆளுக்கொரு குறி. ஹேர்பின் முனையால் யானையின் பாதத்துக்கு அடியில் கீறிவிடுவார்கள். வேல்விழிக்குப் பெருக்கல் குறி, அமிர்தத்துக்கு மூன்று கோடு, பூர்ணிமாவுக்கு ஒரு கோடும் அதன் மேல் ஒரு புள்ளியும். சூளை திறக்கிற காலையில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். டிராலி வெளியே வரும்போது முகத்தில் அனல் அடிக்கும். ஆறினதும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, "இதோ எம் புள்ள" என்று எடுத்துக் கொஞ்சுவார்கள். யாருடைய யானையாவது விரிசல் விட்டிருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் அவள் டீ வாங்கித் தரவேண்டும். விரிசலுக்கு ஒரு டீ. கேலியும் சிரிப்புமாக விஷயம் அதோடு முடிந்துபோகும்.

மேனேஜர் ஆனதும் பூர்ணிமாவுக்குச் சூளைக்குள் சொந்தமென்று ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வேல்விழி அவளை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே டப்பாவில் கைவிட்டுப் புளிச்சோறு தின்றவள், மேடமாம். மத்தியானம் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகிறது. பூர்ணிமா வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று ஒருநாள் அழவும் செய்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பெஞ்சில் பழையபடி ஒரு இடம்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. தாம்பூலப் பையில் போடுவதற்குத் தும்பிக்கை தூக்கிய யானை, ஆயிரம். விரிசல் கூடிக்கொண்டே போனது. ஆட்களை உற்சாகப்படுத்துவது எப்படி என்று பூர்ணிமா போனில் வீடியோ பார்த்தாள். கோட்டுப் போட்ட ஒருத்தர் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, போட்டி வையுங்கள், பெயரை எழுதிப் போடுங்கள், ஆட்கள் பறப்பார்கள் என்றார். அவர் ஆயுசில் ஒரு யானை துடைத்திருப்பாரா? பூர்ணிமா நம்பிவிட்டாள். பெஞ்சுக்கு எதிரே கரும்பலகை மாட்டி, பாதக் குறியைப் பார்த்து, யாருக்கு எத்தனை விரிசல் என்று எழுதினாள். முதலில் வேல்விழி, பச்சை சாக்பீஸில். கடைசியில் அமிர்தம், சிவப்பில்.

தும்பிக்கையைத் தனியாக வார்த்துப் பெஞ்சில்தான் ஒட்டுவார்கள், அந்த ஒட்டில்தான் விரிசல் விழும். அதை ஒட்டத் தெரிந்த கை அமிர்தத்தினுடையது. அதனால் கஷ்டமான யானைகளை எல்லோரும் அவள் பக்கமே தள்ளுவார்கள். பூர்ணிமாவே பதினோரு வருஷம் தள்ளியிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தால் இதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது.

அமிர்தம் ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தாள். "எம் பேர இம்மாம் பெருசா எழுதி இன்னைக்குத்தான் பாக்கறேன் மேடம்," என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் குருமூர்த்தி வந்தார். பலகை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நல்ல ஐடியாம்மா. அடுத்த சூளையிலயும் கடைசியில யாரு பேரு வருதோ அவங்கள நிறுத்திடலாம்," என்று பெஞ்சுக்குக் கேட்கவே சொல்லிவிட்டுப் போனார். பூர்ணிமா மறுக்காமல் தலையாட்டிவைத்தாள்.

நாலு நாள் கழித்துச் சூளை திறந்தது. பெஞ்சிலிருந்து ஒருத்தியும் எழுந்து வரவில்லை. பூர்ணிமா தனியாகப் போய் அனலுக்கு முன்னால் நின்றாள். ஆறின யானை ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு கோடு, மேலே ஒரு புள்ளி. அவளுடைய குறி.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே குறி. அடுத்ததிலும். தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக, அத்தனை பாதத்திலும் கோடும் புள்ளியும். கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆற்று மணலில் வரும் அந்தக் கூட்டம் முழுசும் அவளைத் தேடி வந்து நிற்கிறது என்றுதான் தோன்றியது. அனலில் அவை லேசாக அசைந்தன. எல்லாம் என் பிள்ளைகளா என்று பூரித்துப்போனாள். அப்புறம் விரிசல் விட்ட ஒரு தும்பிக்கை விரலைக் கீறியது. புரிந்துவிட்டது. அமிர்தத்தைக் காப்பாற்ற எட்டுப் பேரும் சேர்ந்து செய்த வேலை இது. பூர்ணிமாவுக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது, அடி நியாயமாகவும் இருந்தது.

"என்னம்மா, இன்னைக்கு யாரு பேரு கடைசி?" பின்னால் குருமூர்த்தி நின்றார்.

பெஞ்சில் எட்டுத் தலையும் குனிந்திருந்தன. ஒரு கத்தியும் சுரண்டவில்லை. குறியை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் பூர்ணிமா தப்பித்துக்கொள்ளலாம்.

"பதினேழு விரிசலுங்க. அத்தனையும் எம் பேருலதான் இருக்குது."

அவர் ஒரு யானையைக் கவிழ்த்துப் பார்த்தார். "நீ எங்க பெஞ்சுல ஒக்காந்த?"

"ஒக்காரலைங்க. அதான் தப்பு. தும்பிக்க ஒட்டற வேலையெல்லாம் ஒருத்தி தலையில கட்டிட்டு, அவளையே செவப்புல எழுதிப்புட்டேன். இனிமே எல்லாரும் பங்கு போட்டு ஒட்டறோம், நானும் ஒட்டறேன். யாரையாவது நிறுத்தணும்னா என்னத்தான் நிறுத்தணுங்க."

குருமூர்த்தி யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். "அந்தப் பலகைய எடுத்துடு," என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

பூர்ணிமா ஈரப் பஞ்சை எடுத்துப் பெயர்களைத் துடைத்தாள். அமிர்தத்தின் சிவப்பு மட்டும் லேசில் போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். கண்ணில் நீர் முட்டியது, திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"பதினேழு விரிசலு," என்றாள் வேல்விழி. "அப்ப பதினேழு டீ ஆச்சுடி, பூர்ணிமா."

"எனக்குச் சக்கர கம்மியா," என்றாள் அமிர்தம்.