மூன்று மணிக்கு வைத்த மட்ச்

எங்கள் கல்லூரி ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் அல்ல. அங்கே இப்போது யார் வெல்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. நான் சொல்வது இத்தாலியில், பலேர்மோவில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வடக்கில் இரண்டு கல்லூரிகள். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் எதை முதலில் சொன்னேன் என்று ஒரு தரப்பு கேட்கும். ஒன்றின் மதிலுக்கு மற்றதன் பிள்ளைகள் கல்லெறிவது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. வருடத்துக்கு ஒருமுறை உதைபந்தாட்டத்தில் மோதிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, பிளேன் ஏறி, இன்னொரு தீவில் வந்து இறங்கி, மற்றவர்களின் வீடுகளைக் கூட்டவும் மற்றவர்களின் அப்பாக்களைக் குளிப்பாட்டவும் தொடங்கி இருபது வருடமான பிறகும், பழைய மாணவர் சங்கங்கள் என்ற பெயரில் வசந்த காலத்து ஞாயிறு ஒன்றில் அதே மோதலைத் தொடர்கிறார்கள்.

நான் வந்த புதிதில் பக்கத்துக்குப் பதினொரு பேர் ஆடினார்கள். பிறகு சிலர் லண்டனுக்குப் போனார்கள், சிலருக்கு முழங்கால் போனது. எட்டாகி, ஏழாகி, இப்போது ஐந்து. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்துக்கு இத்தாலியர்கள் கல்செத்தோ என்று ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்ததால் எங்கள் மானம் தப்பியது. இல்லாவிட்டால் அதற்கு ஆள் பற்றாக்குறை என்று பெயர்.

நான் ஆடுவதில்லை. கல்லூரியிலும் ஆடியதில்லை. அங்கே எனக்கிருந்த பதவி எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது. அந்தப் பதவியை இன்றுவரை நான் ராஜினாமா செய்யவில்லை.

மட்ச்சுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எனக்குக் காய்ச்சல் பிடித்துவிடும். நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் கணவருக்கு நிறையச் சட்டைகள். ஸ்திரி போட்ட சட்டைகளை நான் கட்டிலில் அடுக்குவதில்லை, அணிவகுக்கிறேன். பின்னால் ஒன்று, நடுவில் இரண்டு, முன்னால் ஒன்று. கோலுக்கு ஒரு பைஜாமா. ஒருநாள் சிஞ்ஞோரா வாசலில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, அந்த நீலச் சட்டையை ஏன் தனியே விட்டிருக்கிறாய் என்று கேட்டார். அது தாக்குதல் ஆட்டக்காரன் என்று சொல்ல முடியுமா? காலர் சரியில்லை என்றேன். உண்மையும் அதுதான். எங்கள் தாக்குதல் வரிசையில் ஆறு வருடமாக எதுவுமே சரியில்லை.

இந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்காத இடம் பல்லரோ சந்தை. அது முடிகிற மூலையில் என் மனைவியின் தம்பி ஒரு கடை வைத்திருக்கிறான். கறிவேப்பிலை, ஒடியல் மா, இடியப்ப உரல் எல்லாம் கிடைக்கும். அவன் அடுத்த கல்லூரி. வெறும் அடுத்த கல்லூரி என்றால் மன்னித்திருக்கலாம். அவன்தான் அவர்களுடைய கோல்காப்பாளன். ஆறு வருடமாக எங்கள் பந்துகளை வயிற்றோடு அணைத்துப் பிடிப்பவன். அந்த வயிறும் வருடா வருடம் வசதியாக வளர்ந்து வருகிறது.

"என்ன அத்தான், இந்த முறையும் வாறியளோ? அழுகிறதுக்கு ஒரு லேஞ்சி கொண்டு வாங்கோ."

"கதையை விட்டிட்டுக் கத்தரிக்காயை நிறு."

"உங்கட கோலுக்கு ஆர்? பழைய அண்ணைதானோ? பந்து வெளிக்கிட்டிட்டுது எண்டு அவருக்கு விளங்கிறதுக்குள்ளை நாங்கள் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடுவம்."

எங்கள் கோல்காப்பாளர்தான் எங்கள் கப்டனும். சங்கத்தில் மூத்தவர், பக்திமான். ஓடமுடியாது என்பதால் கோலில் நிற்கிறார். அவரைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவும் உண்மை என்பதால் நான் கோபத்தோடு கத்தரிக்காயை மட்டும் வாங்கிக்கொண்டு போவேன்.

அன்றைக்கு அப்படிப் போக முடியவில்லை. வியாழக்கிழமை பின்னேரம். பின்னால் நின்ற ஒருவரின் கூடையிலிருந்து வெங்காயம் ஒன்று தவறி விழுந்தது. அவர் குனியவில்லை. நிலத்தைத் தொடும் முன்பே அதைப் பாதத்தில் வாங்கி, முழங்காலுக்கு எழுப்பி, கையில் பிடித்துக் கூடைக்குள் போட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர் போல இருந்தார். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் தராசைப் பார்த்தான்.

"தம்பி," என்றேன். "எந்தக் கல்லூரி?"

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னார். "அண்டர் நைன்டீன் டீமிலை விளையாடினனான் அண்ணை."

அவரைக் கட்டிப்பிடித்தேனா என்று நினைவில்லை. மச்சான் பிடித்தேன் என்கிறான். அவருக்கு வயது முப்பத்தைந்துக்குள்தான். பலேர்மோவுக்கு வந்து நாலு மாதம். பகேரியாவில் ஒரு முதியவரோடு தங்கியிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வியாழன் பின்னேரம் லீவு. ஞாயிறு நாலு மணிக்கு முதியவரின் மகள் வந்ததும் லீவு. மட்ச் ஞாயிறு ஐந்து மணிக்கு, பிரான்காச்சோவில் கராஜ்களுக்குப் பின்னால் உள்ள வாடகை மைதானத்தில். பகேரியாவிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். கணக்கு அவ்வளவு அழகாகச் சரிவந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மட்ச்சுக்கு ஒரு கிழமை இருக்கும்போது கப்டன் போன் எடுத்தார்.

"தம்பி, அஞ்சு மணி சரிவராது."

"ஏன் அண்ணை?"

"ஞாயிறு நாலரை தொடக்கம் ஆறு வரை ராகு காலம். ஆறு வருசமா ஏன் தோக்கிறம் எண்டு இப்பதான் பிடிபட்டது."

"அண்ணை, அவங்களும் அதே ராகு காலத்திலைதானே விளையாடினவங்கள்? அவங்கள் வெண்டவங்களே."

"அவங்களுக்கு அது ஒத்துப்போகுது போல."

நான் விடவில்லை. எனக்கு ராகுவில் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாதவனுக்குத்தான் பஞ்சாங்கம் சரியாகத் தெரியும். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து, ஞாயிறுக்கு எட்டாம் பங்கு. பலேர்மோவில் இந்த மாதத்தில் இரவு எட்டு மணிவரை வெயில். அப்படிப் பார்த்தால் இங்கே ராகு காலம் ஆறே காலை ஒட்டித்தான் தொடங்கும். ஐந்து மணிக்கு ராகு இன்னும் வேலைக்கே வெளிக்கிட்டிருக்கமாட்டார்.

"ராகு ஊருக்கு ஊர் நேரம் மாத்துவாரோ? நாப்பது வருசமா நான் நாலரைதான் பாக்கிறன்."

"கோயில் ஐயரிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"பந்தடிக்கிறதுக்கெல்லாம் ஐயரை உபத்திரவப்படுத்தேலாது. மூண்டு மணிக்கு வைப்பம். நாலரைக்கு முதல் முடிஞ்சிடும்."

அடுத்த கல்லூரி உடனே சம்மதித்தது. எந்தக் கூட்டத்திலும் எதற்கும் உடனே சம்மதிக்காதவர்கள். பகேரியாக்காரர் நாலு மணிக்கு முதல் வரமுடியாது என்பது மச்சானுக்குத் தெரியும். "பெரியாக்கள் சொன்னால் கேக்கோணும் அத்தான்," என்றான், திருநீறு பூசிய முகத்தோடு.

பகேரியாக்காரர் போனில் பெருமூச்சு விட்டார். "அண்ணை, நோன்னோ வயசுபோன மனிசன், தனிய விடேலாது. ஆராவது வந்து நாலு மணிவரை இருந்தால் வருவன்."

சங்கத்தில் ஆடாதவர்கள் மூன்றே பேர். ஒருவருக்குத் தலைமையுரை. இன்னொருவருக்கு நன்றியுரை. மிச்சம் நான்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். நான் மைதானத்துக்குப் போனால் அவர் வரமுடியாது. எங்கள் கல்லூரி ஏழாவது வருடமும் தோற்பதை முன்வரிசையில் நின்று பார்க்கலாம். நான் பகேரியாவுக்குப் போனால் வெல்லக்கூடும், நான் பார்க்கமுடியாது. இந்தத் தீவுக்கு வந்த பிறகு நான் உண்மையாக ஆசைப்பட்டவை இரண்டு. ஒன்று பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி, அது கிடைத்துவிட்டது. மற்றது, மச்சான் வலைக்குள் குனிந்து பந்தைப் பொறுக்குவதை என் கண்ணால் ஒருமுறை பார்ப்பது.

மூன்று நாள் நான் சாப்பாட்டு மேசையில் தியாகம், கடமை என்றெல்லாம் யோசித்தேன். நாலாம் நாள் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, போறதெண்டால் போங்கோ. எப்பிடியும் நீங்கள் மட்ச் பாக்கிறேல்லை. பந்து கிட்ட வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்துறதுதானே. அதைப் பகேரியாவிலை இருந்தும் செய்யலாம்."

போனேன்.

முதியவருக்குத் தொண்ணூறு நெருங்கும். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆட்டக்காரர் மாத்திரைகளைக் காட்டிக் கொடுத்து, பூட்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனதும், அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இவன் எங்கே ஓடுகிறான்?"

"மட்ச் விளையாட. இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு இடையே."

"எந்தப் பள்ளிக்கூடங்கள்?"

"இலங்கையில் உள்ளவை."

"மட்ச் இலங்கையிலா?"

"இல்லை, பிரான்காச்சோவில்."

கொஞ்சம் யோசித்தார். "ஆடுவது பிள்ளைகளா?"

"ஐம்பது வயது இருக்கும். கோலில் நிற்பவருக்கு அறுபது."

மேசையிலிருந்த மாத்திரைப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது எனக்கு என்று நிச்சயமாகத் தெரியுமா?"

மூன்று மணிக்கு, மைதானத்தில் இருந்த மனைவிக்குப் போன் எடுத்தேன். "தொடங்கீட்டுதோ?"

"குத்துவிளக்கு ஏத்தினம். காத்துக்கு நெருப்புக்குச்சி நிக்குதில்லை."

மூன்று இருபதுக்குக் கல்லூரிக் கீதம். இரண்டு கல்லூரிகளுக்கும் இரண்டு கீதம், எல்லாச் சரணங்களும். மூன்று நாற்பதுக்கு பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை. நாலு மணிக்குத் தலைமையுரை தொடங்கியிருந்தது. தலைமையுரை எங்கள் ஆள். நான் எழுதிக் கொடுத்த உரை. சுருக்கமாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதை முன்னுரையாக வைத்துக்கொண்டார்.

முதியவர் தன் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அறுபது நிமிடத் தாமதம்," என்று உள்ளூர மகிழ்ச்சியோடு அறிவித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் நாலு மணிக்கு வந்துவிட்டார். மட்ச் இன்னும் தொடங்கவில்லை. அதாவது எங்கள் ஆட்டக்காரர் தன் வழக்கமான லீவிலேயே வந்திருக்கலாம். அதாவது நான் இங்கே வந்திருக்கவே தேவையில்லை. அதாவது, ஓடினால், இப்போதும் பார்க்கலாம்!

"நாலு பன்னிரண்டு ரயிலைப் பிடிக்கலாம்," என்று சப்பாத்தைப் போட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை அது ஓடாது," என்றார் முதியவர்.

என் போன் ஓடும் என்றது. வாழ்நாள் முழுக்க ரயில்வேயில் இருந்த மனிதரைவிட நான் போனை நம்பினேன். நாலு பன்னிரண்டு ஓடவில்லை. அடுத்தது ஐந்து மணிக்கு. பகேரியா நிலையத்தில் ஒரு புறாவும் நானும் மட்டும் நின்றோம். புறா பதற்றமில்லாமல் இருந்தது.

நாலு முப்பத்தைந்துக்கு மனைவி போன் எடுத்தாள். "இப்பதான் விசில் ஊதினவை. உங்கட கப்டன் சண்டை பிடிக்கிறார். ராகு காலம் தொடங்கீட்டுதாம். கோலுக்குள்ளை நிப்பாராம், ஆனால் பந்தைத் தானாத் தொடமாட்டாராம்."

"தொடாமல் என்னெண்டு பிடிக்கிறது?"

"அதை நானே கேக்கிறது? கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார். ஐயோ, ஒருத்தர் கோல் அடிச்சிட்டார்!"

"ஆர்?"

"வெள்ளைச் சேட்டு."

"நாங்கள் வெள்ளையோ?"

"ரெண்டு பக்கமும் தோய்ச்சுத் தோய்ச்சு வெளிறிப்போய்க் கிடக்கு. எனக்கென்னெண்டு தெரியும்?"

எந்தக் கோலுக்குள் என்று கேட்பதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்தது. நான் ரயில் ஏறி, பிரான்காச்சோவில் இறங்கி, மூடிக்கிடந்த கராஜ்களுக்கு நடுவே, எனக்கிருக்கும் கால்களால் ஓடக்கூடிய வேகத்தில் ஓடினேன். வாசல் கம்பியைப் பிடித்தபோது கடைசி விசில் கேட்டது.

பத்துப் பேரும் செயற்கைப் புல்லில் கரையொதுங்கிய மீன்கள் போலக் கிடந்தார்கள். பகேரியாக்காரர் எழும்பி வந்தார். "ரெண்டுக்கு ஒண்டு அண்ணை. வெண்டிட்டம்."

இரண்டும் அவர் அடித்தவை. அவர்களுடைய ஒன்று கப்டனின் கட்டிய கைக்குக் கீழால் போயிருக்கிறது. கடைசி நிமிடத்தில் அவர்கள் மிக அருகிலிருந்து அடித்த பந்து நேராக வந்து கப்டனின் நெற்றியில் பட்டு வெளியே போனதாம். அசையத் தெரிந்த எந்தக் கோல்காப்பாளனும் விலகியிருப்பான். இவர் விலகவில்லை. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"தம்பி, நான் தொடேல்லை," என்றார் கப்டன். "அதுதான் வந்து என்னைத் தொட்டது."

எல்லோருக்கும் சொல்ல ஒரு மட்ச் இருந்தது. எல்லோரும் அதை ஒருவருக்கொருவர் கைகளால் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று, பார்த்தவன் போலத் தலையாட்டினேன். முதல் நாள் தலையாட்டினேன். இரண்டாம் நாள் ஒரு சிறு திருத்தம் சொன்னேன். ஒரு கிழமைக்குள், அந்த இரண்டு கோலையும் பலேர்மோவில் என்னைப்போல் விவரிக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்ற நிலை வந்தது. சிஞ்ஞோராவுக்கே சட்டைகளை வைத்து விளக்கியிருக்கிறேன்.

அடுத்த வியாழன் மச்சானின் கடையில், மிளகாய்த்தூள் வாங்க வந்த, தமிழ் பாதி விளங்கும் ஒரு மொரீஷியஸ்காரருக்கு நான் இரண்டாவது கோலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இடது பக்கத்தாலை வந்து, ரெண்டு பேரை வெட்டி, இடது காலாலை இப்பிடி ஒரு சுழட்டு..."

"வலது கால்," என்றான் மச்சான், தராசை விட்டுத் தலையைத் தூக்காமல்.

"இடது கால்."

"அத்தான், நீங்கள் அங்கை இருக்கேல்லை. நான் கோலுக்குள்ளை நிண்டனான்."

"அதுதான் சொல்லுறன்," என்றேன். "நீ அதைப் பாத்திருந்தால் பிடிச்சிருப்பாய்."